தேயிலைச் சாற்றில் குவாண்டம் புள்ளி

கப்பலூர் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கையில் இருக்கும் டீக்கு, ஆய்வுக்கூடத்திலும் ஒரு வேலை உண்டு: குவாண்டம் புள்ளி தயாரிப்பது.

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டரே அளவுள்ள படிகத் துகள். தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு! அளவு மாறினால் அது உமிழும் ஒளியின் நிறமும் மாறும். குவாண்டம் புள்ளிகளைக் கண்டுபிடித்து உருவாக்கிய மூவருக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வழக்கமான தயாரிப்பில் செலவு அதிகம்; நச்சு ரசாயனங்களும் சேரும். 2018இல் சுதாகர் பிச்சைமுத்து தலைமையிலான குழு மாற்றுவழி கண்டது. வேல்ஸின் சுவான்சி பல்கலைக்கழகம், திருச்செங்கோடு கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி, கோவை பாரதியார் பல்கலைக்கழகம் மூன்றும் கைகோத்த முயற்சி அது. காட்மியம் சல்பேட், சோடியம் சல்பைடு இரண்டோடும் தேயிலைச் சாற்றைக் கலந்து வைத்தார்கள். காட்மியம் சல்பைடு புள்ளிகள் உருவாகின. அவை நுரையீரல் புற்றுநோய்ச் செல்களுக்குள் புகுந்து ஒளிர்ந்தன. 80 சதவீதம் வரை செல்களை அழித்தன.

இதெல்லாம் ஆய்வுக்கூடச் செல்களில் நடந்தது. காட்மியம் நச்சு என்பதால், மருந்தாக வருமுன் நிறையச் சோதனைகள் தேவை. டீ குடித்தால் புற்றுநோய் தீரும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கப்பலூருக்குப் பக்கத்துத் தோப்பூரிலேயே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டறிந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.