மருத்துவத்தின் ஐந்தாம் அங்கம்



திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நீங்கள் பயின்றிருப்பீர்கள். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நான்கு அங்கங்களை வள்ளுவர் அங்கே வகுத்தார். இன்றைய மருத்துவமனைக்குள் நுழைவோர்க்கு ஐந்தாவதாக ஓர் அங்கமும் புலனாகும். அதுவே கருவி. அக்கருவிகள் விலைபோகும் சந்தையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

காய்கறிச் சந்தையில் தேர்ந்தெடுப்பவரும், பணம் கொடுப்பவரும், உண்பவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். விலை மிகுதியென்றால் அடுத்த கடைக்குச் செல்லலாம். மருத்துவக் கருவிச் சந்தையோ அத்தகையது அன்று. தேர்ந்தெடுப்பவர் மருத்துவர், உடலில் ஏற்பவர் நோயாளி, பணம் தருவது குடும்பமோ, அரசோ, காப்பீட்டு நிறுவனமோ ஆகும். அறுவை மேசைமேல் கிடப்பவர் பேரம் பேச இயலுமா? ஆதலின், விற்போர் பலராயினும் இங்கே விலை தானாகத் தாழ்வதில்லை. இதயக் குழாயின் அடைப்பை நீக்கியபின் பொருத்தப்படும் 'ஸ்டென்ட்' என்னும் சிறு வலைக்குழாய்க்கு 2017 பிப்ரவரியில் இந்திய அரசு விலை உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. மருந்து பூசிய வகைக்கு அன்று விதித்த வரம்பு, வரி நீங்கலாக, 29,600 ரூபாய்.

வரம்பு விதிப்பது ஒரு வழி. நாமே செய்துகொள்வது மற்றொரு வழி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்திற்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,00,800 முறை துடிக்கிறது. ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 68 லட்சம் முறை. அதனுள் வைக்கும் செயற்கை வால்வும் அத்தனை முறை திறந்து மூட வேண்டும். அத்தகைய வால்வைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் அவர்தம் குழுவினரும் உருவாக்கினர். மூன்று மாதிரிகள் தோற்றன, நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1992இல் மதுரையில் தொடங்கப்பெற்ற அரோலேப், கண்புரை நீக்கியபின் வைக்கும் வில்லையை, இறக்குமதி விலையில் ஒரு சிறு பகுதிக்கே அளிக்கலாயிற்று.

பெரிய பொறிகளின் செய்தி வேறு. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே வாங்கினால், விற்பவரின் கை ஓங்கும். யாவர்க்கும் சேர்த்து ஒருவரே வாங்கினால், வாங்குபவரின் கை ஓங்கும். 1994இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இவ்வுண்மையை உணர்ந்து அமைந்தது.

ஆயினும் வாங்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. உதிரிப் பாகமும், சீரான மின்சாரமும், இயக்கத் தெரிந்தவரும், பழுது நீக்கத் தெரிந்தவரும் இல்லையேல் எத்தகைய பொறியும் உறையிட்ட இரும்பே. அது ஒரு மூலையில் உறங்கும் ஒவ்வொரு நாளும், ஏழை நோயாளி ஒருவர் கடன்பட்டு வெளியே சோதனை செய்துகொள்கிறார். அல்லது சோதனையே இன்றி வீடு திரும்புகிறார். ஆகவே, கருவியின் விலை யாது என்று வினவுவோர், பத்தாண்டு அதனைப் பேணும் செலவு யாது என்றும் உடன் வினவுதல் வேண்டும்.

உங்களில் பலர் மருத்துவராக விரும்புவீர்கள், நன்று. ஆனால், கருவியைப் படைப்பவரும் அதனைப் பழுதின்றிக் காப்பவரும் உயிர் காப்பவரே. அத்துறைகளுக்கும் உங்களுள் சிலர் மனமுவந்து வருதல் வேண்டும்.