ஷெட்டில் கிடந்த ஹெரால்ட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் நம் செயலாளர் "பழைய ஸ்போர்ட்ஸ் காரை உயிர்ப்பித்த அனுபவம்" என்று போட்டுவிட்டார். முதலில் ஒரு திருத்தம். என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1964 மாடல், இரண்டு கதவு. கறாராகச் சொன்னால் குடும்ப கார்தான். ஆனால் இதே சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962-ல் பிரிட்டனில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சோழவரம் பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியிருக்கிறது. அதனால் செயலாளர் சொன்னது முழுப்பொய் இல்லை, சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரன் என்கிற மாதிரி.

இந்த வண்டி நமக்கும் உறவுதான். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து வண்டலூரில் இதைச் செய்தது. இங்கிருந்து பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். படம் போட்டவர் இத்தாலிக்காரர், மிக்கெலாட்டி. 948 சிசி எஞ்சின். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம்ம ஊர்த் தெருக்களில், எதிரே தேர் வந்தால்கூட, திருப்பிக்கொண்டு வந்துவிடலாம் என்று எங்கள் அப்பா சொல்வார்.

இன்னொரு விசேஷம். பானெட்டை மட்டும் தூக்குவதில்லை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முன்பக்கம் முழுசாக முன்னால் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு டீ குடித்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். பாடியும் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியது. முழு பாடி செய்து தர ஆள் கிடைக்காத நெருக்கடியில் அந்தக் காலத்து இன்ஜினியர்கள் கண்டுபிடித்த வழி அது. முதல்முறை கை வைக்கிறவனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. கழற்றலாம், மாட்டலாம், தப்பாக மாட்டினால் மறுபடி கழற்றலாம். நான் நிறையவே கழற்றினேன்.

இனி கதைக்கு வருகிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில் 1990-லிருந்து இந்த வண்டி கிடந்தது. எனக்கு அப்போது ரெண்டு வயசு. மேலே பழைய தறிச் சாமான், பாவு சுற்றும் கட்டை, உடைந்த நாற்காலி. வண்டியைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்: மூங்கில் மண்டபத்தில் திருப்பும்போது டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டி, முன்சக்கரத்தை உடைத்து, ஒரு கடைப் படியில் மோதினார். வண்டியில் இருந்த எங்கள் ஆயாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்று சாயங்காலமே டிரைவரை அப்பா நிறுத்திவிட்டார். வண்டி ஷெட்டுக்குப் போனது. வண்டலூர் தொழிற்சாலை 1988-லேயே கார் செய்வதை நிறுத்தியிருந்ததால் சாமானும் சுலபத்தில் கிடைக்காது.

2019-ல் அத்திவரதர் வெளியே வந்தார் அல்லவா? ஊரே ஜன வெள்ளம். நான் லீவ் போட்டு வந்தவன், வீட்டை விட்டு நகர முடியவில்லை. சும்மா இருந்த கை ஷெட்டைத் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் "அவராவது நாப்பது வருஷம், உங்க வரதர் இருபத்தொம்போது வருஷத்திலேயே எழுந்துட்டாரே" என்று கிண்டல் செய்தார்கள். அப்பா எட்டிப் பார்க்கவே இல்லை. "வேலைக்காகாதுடா" என்று மட்டும் சொன்னார்.

தம்பிகளே, அண்ணன் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? எஞ்சினில் கை வைத்தேன். சத்தம் வந்தால்தானே சந்தோஷம்! பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் விட்டு, கையால் மெல்ல அசைத்து விடுவித்தேன். சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. பம்பு டயாஃபிரம், ரப்பர் குழாய் எல்லாம் புதுசு போட்டேன். இன்றைய எத்தனால் பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் தாங்காது. பிரேக் பக்கம் போகவே இல்லை. ஓடாத பிரேக்கை வைத்துக்கொண்டு ஓடும் எஞ்சினுக்குக் கைதட்டினேன். இது இன்ஜினியர் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். மார்க் ஷீட் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

வயரிங்கில் மாட்டிக்கொண்டேன். எலி கடித்துக் குதறியிருந்தது. பக்கத்துத் தறியில் நெய்கிற அக்கா ஒருவர் வந்து பார்த்தார். பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துப் பிணைத்து வாழ்கிறவர். "இது மொத்தமே நூறு இழை வராதே தம்பி, இதுக்கா ரெண்டு வாரம்?" என்றார். லூகாஸ் வண்ண முறையைச் சொன்னேன்: பிரவுன் பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷன், நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன லைட், கறுப்பு எர்த். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிறம் பிரித்து முடிச்சுப் போட்டு வைத்துவிட்டார். இங்கிலீஷில் வயரிங் கட்டுக்கு 'லூம்', அதாவது தறி என்றே பெயர் என்று சொன்னேன். "பின்னே?" என்றார்.

கொரோனா வந்து போனது. 2021-ல்தான் முன்சக்கரத்துக்குக் கீழே குனிந்தேன்.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஹெரால்டின் முன்சக்கரம் வெர்டிகல் லிங்க் என்ற ஸ்டீல் தண்டில் நிற்கிறது. அதன் அடிமுனையில் மரை. அந்த மரை டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நாம் ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் மரை அதற்குள் சுழலும். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, கியர் ஆயில். கிரீஸ் அடிவரைக்கும் இறங்காது. மரை காயும், தண்ணீர் புகும், துருப்பிடிக்கும், இறுகும். இறுகிய பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் தண்டு முறுக்கப்படும். ஒரு நாள் ஒடியும். வேகத்தில்தான் ஒடியும் என்றில்லை. மெதுவாகப் போய் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ஒடிவதுதான் வழக்கம். ஆயிலையும் கிரீஸ் கன்னில் நிரப்பித்தான் அடிக்க வேண்டும் என்பதால் உலகம் முழுக்க இதில் ஏமாந்தவர்கள் உண்டு.

என் கையில் இருந்த தண்டு மரைக்குச் சற்று மேலே ஒடிந்திருந்தது. காய்ந்து கல்லான கிரீஸைச் சுரண்டினேன். கிரீஸ்தான் அதை ஒடித்தது. ஒடிந்த முகத்தை முப்பது வருஷம் துருவேறாமல் மூடி வைத்ததும் அதே கிரீஸ்தான். முகத்தில் முக்கால் பங்கு கறுத்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரி வரியாக இருந்தது. மிச்சம் சொரசொரப்பாக, புதுசாக. மூன்றாம் செமஸ்டரில் மெட்டலர்ஜி லேபில் நமக்குக் காட்டினார்களே, அதே ஃபெடீக் முறிவு. விரிசல் பல மாதமாக வளர்ந்திருக்கிறது. அன்றைக்கு அந்த வண்டியை யார் ஓட்டியிருந்தாலும், எவ்வளவு மெதுவாகத் திருப்பியிருந்தாலும் ஒடிந்திருக்கும்.

டேஷ்போர்டு அறையில் கம்பெனி கையேடு இருந்தது. ரெண்டு வருஷமாக நானும் அதைப் பிரிக்கவில்லை. அன்று பிரித்தேன். கியர் ஆயில் என்று ஒரே ஒரு வரி. அப்பாவின் கணக்கு நோட்டிலும் தேடினேன். அவர் கையெழுத்திலேயே மாதா மாதம்: "முன்சக்கரம் – கிரீஸ்".

ரெண்டு நாள் சொல்லவில்லை. எழுபது வயசு மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் இன்னொரு வயசான மனிதர் செத்த பிறகும் கண்மண் தெரியாமல் ஓட்டியவராகவே இருப்பார். மூன்றாம் நாள் தண்டையும் நோட்டையும் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டார். முறிந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அவன் மெதுவாத்தான் திருப்பினேன்னு சொன்னான்டா" என்றார். அன்று முழுக்க வேறு பேச்சில்லை.

மறுநாள் மஞ்சள் பையில் அந்தத் தண்டையும் ஒரு பட்டு வேட்டியையும் போட்டுக்கொண்டு "அய்யம்பேட்டைக்குப் போகணும், வா" என்றார். டிரைவர் மாமா வீட்டைக் கண்டுபிடித்தோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊரில் யாரும் அவரை நம்பிச் சாவி தரவில்லையாம். சாயப் பட்டறையில் மூட்டை தூக்கியே காலத்தை ஓட்டியிருக்கிறார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பையைத் திறந்தார். "நீ மெதுவாத்தான் திருப்பியிருக்கே" என்றார்.

மாமா தண்டை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிரீஸ் அடிச்சது நான்தானே முதலாளி" என்றார்.

"அடிக்கச் சொன்னது நான்."

உள்ளே இருந்து காபி வந்தது. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் ஆயாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தெருவில் போய் நின்றுகொண்டேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிட்ஃபயர் ஓட்டுகிறவர்கள் புண்ணியத்தில் டிரன்னியனும் லிங்க்கும் பிரிட்டனில் இன்னும் புதுசாக விற்கிறார்கள். ரெண்டு பக்கமும் மாற்றினேன். பிரேக் சிலிண்டர் எல்லாம் மாற்றினேன். சின்னச் சின்ன சாமானுக்குப் புதுப்பேட்டை. வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2021 ஜூலையில் வந்த விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளை 'வி.ஏ.' வரிசையில் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படித்தான்.

முதல் ஓட்டத்துக்கு அப்பா பின்னால், டிரைவர் மாமா என் பக்கத்தில். மூங்கில் மண்டபம் வந்ததும் மாமா ஒன்றும் சொல்லவில்லை, கதவுப் பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்தார். திருப்பினேன். பின்னாலிருந்து அப்பா, "இதைவிட மெதுவாத்தான்டா அவன் திருப்பினான்" என்றார்.

வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் வரலாம். முன்பக்கத்தைச் சாய்த்துக் காட்டச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். சாவி டிரைவர் மாமாவிடம் இருக்கிறது. வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.