ஆண்டுக் கூட்டமும் ஒரு கத்தரிச் செடியும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை நடத்துவது எப்படி?’ என்று பேசச் சொல்லியிருக்கிறார் நம் செயலாளர். இந்தத் தலைப்புக்கு எனக்கு என்ன தகுதி என்று யோசித்தேன். ஒரு கூட்டத்தை எப்படி நடத்தக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தகுதி போதும் என்று வந்துவிட்டேன்.

நான் இங்கே தாவரவியல் படித்தவன். பிழைத்தது என்னவோ சிவகாசி ஆப்செட் அச்சகம் ஒன்றில், காகிதக் கணக்கு எழுதி. படித்த படிப்பு முப்பது வருஷம் அலமாரியில் தூங்கியது. 2020-இல் ஊரடங்கு வந்தபோது, மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்தேன். என்னைப் போலவே விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல் பக்கம் பலரும் தொட்டி வைத்திருந்தார்கள். விதை கேட்டும் உரம் கேட்டும் பழக்கமாகி, மறு வருஷம் ஒரு வீட்டுத் தோட்டக் குழுவாகச் சேர்ந்தோம். மாதம் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம். ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், அச்சகத் தொழிலாளி, பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள் என்று எல்லாரும் உண்டு.

நம் ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் களியாக ஒட்டும். அதை அப்படியே தொட்டியில் போட்டால் இறுகி, வேருக்கு மூச்சு முட்டிவிடும். மணலும் மக்கிய உரமும் சரிபாதிக்கு மேல் கலந்தால்தான் செடி நிற்கும். குழாய்த் தண்ணீரோ நாள் கணக்கு வைத்து வருகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டால் பல இடங்களில் உப்பு. இந்த ஊரில் ஒருவர் செடி வளர்க்கிறார் என்றால், குடிக்கிற தண்ணீரில் பங்கு கொடுத்து வளர்க்கிறார் என்று அர்த்தம். அதை நான் அப்போது சரியாக உணரவில்லை.

2022-இல் முதல் ஆண்டுக் கூட்டம் வைப்பது என்று முடிவாயிற்று. பொறுப்பு என்னிடம் வந்தது. தேதி எப்போது? மே மாதம் என்றேன். ஏன் மே என்று கேட்டால், ஊட்டி மலர்க் கண்காட்சி மே மாதம்தானே நடக்கிறது! பள்ளிக்கூட விடுமுறையும் இருக்கிறது. 1896-இல் தொடங்கிய கண்காட்சி அது. அவர்களுக்குத் தெரியாதா என்பது என் வாதம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே மே மாதம் பூக்கிற காலம். இங்கே மே மாதம் அக்னி நட்சத்திரம். தாவரவியல் படித்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

வெட்டவெளியில் சாமியானா போட்டோம். மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் தயார். வாசலில் சரவெடி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சிவகாசிக்காரர்களுக்கு வெடி வெடித்துக் காட்டுவது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டு போவது மாதிரி ஆகிவிடும் என்று தடுத்தேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

காலை பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி பதினொன்றரை. அதற்குள் ரோஜாக்கள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. தண்ணீர்க் குழாய் மைதானத்தின் அந்தக் கோடியில். ஒரே ஒரு பூவாளி.

அந்த நேரத்தில் ஒரு பெண்மணி வந்தார். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். மாதக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர். இடுப்பில் ஒரு பழைய எண்ணெய் டின், அதில் ஒரு கத்தரிச் செடி. நடு வரிசையில் எல்லாம் ஒரே நிறத் தொட்டிகளாக அழகாக அடுக்கியிருந்தேன். அந்தத் தகர டின் வரிசையைக் கெடுக்கும் என்று பட்டது. “ஓரமா அங்கிட்டு வச்சிருங்க தங்கச்சி” என்று பந்தலுக்கு வெளியே கையைக் காட்டினேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் வைத்தார்.

அதோடு விட்டேனா? செடியில் ஒரே ஒரு காய், மஞ்சளாகி முற்றிப்போய்த் தொங்கிற்று. “கண்காட்சிக்கு முத்தின காயோட யாராவது கொண்டாருவாங்களா?” என்று சொல்லிக்கொண்டே, செடியைச் சுத்தம் பண்ணுவதாக நினைத்து, அதைக் கிள்ளிக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்தம்மா முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மேடையில் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

கூட்டம் ‘சிறப்பாக’ முடிந்தது. பரிசுகள் பெரும்பாலும் நர்சரியிலிருந்து புதிதாக வாங்கி வந்த செடிகளுக்கே போயின. பொன்னாடை போர்த்தவும் படம் எடுக்கவுமே இரண்டு மணி நேரம் ஆனது. செடியைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு அந்தப் பெண்மணி வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. அவரோடு வருகிற நாலைந்து பேரும் நின்றுவிட்டார்கள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரிதான், “வராதவங்களைப் போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க” என்றாள்.

ஆடிப் பெருக்கு கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சின்ன வீடு. வாசலில் தகர டின்னிலும் சிமெண்டுச் சாக்கிலுமாகச் செடிகள். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய முதல் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் அவர் தடுத்தார்.

“போட்டிக்குன்னு வரலை அண்ணாச்சி. அது எங்க அம்மா வச்சிருந்த கத்தரி. அம்மா போயிட்டாங்க. அந்த ஒத்தக் காயை வெதைக்குன்னு விட்டிருந்தேன். அன்னைக்கு எல்லாரும் வருவீக, பழுத்ததும் ஆளுக்குப் பத்து வெதை குடுக்குறேன்னு காட்டிச் சொல்லலாம்னுதான் தூக்கியாந்தேன்.”

நண்பர்களே, எனக்குப் பேச்சு வரவில்லை. கத்தரியில் விதைக்கு விடுகிற காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க வேண்டும் என்பது தாவரவியல் படித்தவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று நான் செடியைப் பார்க்கவில்லை, வரிசையைத்தான் பார்த்தேன். வெயிலில் வாடிய அந்தச் செடியும் பத்து நாளில் பட்டுப்போயிருந்தது.

“வேற எங்கயாவது அந்த விதை இருக்கா தங்கச்சி?” என்றேன். வெம்பக்கோட்டைப் பக்கம் தன் மதினி வீட்டுக்கு முன்பு ஒரு தடவை கொடுத்ததாகச் சொன்னார். அடுத்த வாரமே பஸ் ஏறினேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இரண்டு செடி நின்றது. பச்சையும் வெள்ளையுமாய் வரி ஓடிய காய். கோயிலைச் சுற்றுகிற மாதிரி சுற்றி வந்தேன். இரண்டு காயை விதைக்கு விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். கார்த்திகையில் காய் பழுத்து விதை கைக்கு வந்தது. கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்தோம்.

இதற்குப் பிறகுதான் ஆண்டுக் கூட்டம் என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசித்தோம். தேதியிலிருந்து தொடங்கினோம். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசு ஆலைக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தீபாவளி கழிந்து வைத்தால் அவர்களுக்கு ஓய்வு, ஆனால் அடைமழை. அதோடு அச்சகக்காரர்களுக்கு அப்போதுதான் காலண்டர் வேலை கழுத்தை நெரிக்கும். ஆடிப் பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து மார்கழி முடிய அவர்களைப் பிடிக்க முடியாது. கடைசியில் தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிறு என்று முடிவாயிற்று. மழை ஓய்ந்திருக்கும். ஆடியிலும் புரட்டாசியிலும் போட்டது காய்த்துப் பூத்து நிற்கும். அன்று வாங்கிப் போகிற விதையைத் தைப் பட்டத்திலேயே ஊன்றிவிடலாம்.

அடுத்தது நேரம். ஆலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்த நாள். துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, சந்தைக்குப் போவது எல்லாம் அன்றைக்குக் காலையில்தான். அதனால் கூட்டம் மாலை மூன்று முதல் ஆறு வரை. மதியச் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். டீயும் சாத்தூர் சேவும் போதும் என்று வைத்தோம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

இடம், நிழலும் தண்ணீர்க் குழாயும் பக்கத்தில் இருக்கிற இடம். மேடை வேண்டாம் என்று விட்டோம். பேச்சாளர் ஒருவர்தான், அவருக்கும் இருபது நிமிஷம்தான். நம் மாவட்டத்திலேயே அருப்புக்கோட்டையிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. கரிசலையும் வறட்சியையும் அறிந்தவர்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும்போது அலங்காரப் பேச்சு எதற்கு?

வாசலில் முதல் மேசை விதை மேசை. அச்சகத்தில் கழிவாகும் காலண்டர்த் தாளில் நானே பொட்டலம் மடித்துக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றிலும் நான்கு விவரம் எழுத வேண்டும்: என்ன விதை, எந்த மாதம் எடுத்தது, எந்த ஊர், யார் கொடுத்தது. மாதம் ஏன் என்றால், வெங்காய விதை ஒரு வருஷத்துக்கு மேல் முளைப்பது சந்தேகம். கத்தரி விதை காயாமல் வைத்தாலொழிய சில வருஷம் தாங்கும். கத்தரியில் பக்கத்துச் செடியின் மகரந்தம் கொஞ்சம் கலக்கவும் கூடும். அதனால் விதைக்கு விடும் பூவை மெல்லிய துணிப்பை கட்டி மூடச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, நம் ஊருக்கென்றே உள்ள விதி. எண்ணெய் டின், பெயிண்ட் இல்லாத வாளி, சாக்கு எதில் வேண்டுமானாலும் செடி கொண்டு வரலாம். ஆனால் பட்டாசு மருந்து வந்த டப்பா மட்டும் கூடவே கூடாது. பேரியம் நைட்ரேட் மாதிரியான உப்புகள் விஷம், தண்ணீரில் கரையும். கழுவிவிட்டோம் என்று நம்பி அதில் கீரை போடக் கூடாது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

போட்டியையும் மாற்றினோம். குறைந்தது ஆறு மாதம் தன் கையால் வளர்த்த செடிக்குத்தான் பரிசு. செடி வாடியிருந்தாலும் பரவாயில்லை. அது ஏன் வாடியது என்று அவர் சொல்ல வேண்டும். அந்த நேரம்தான் எங்கள் கூட்டத்திலேயே கலகலப்பான நேரம்.

2023 தை மாதக் கூட்டத்தில் விதை மேசையின் முதல் பொட்டலத்தை அந்தப் பெண்மணிதான் வைத்தார். பெயர் என்ன எழுத என்று கேட்டேன். அந்தக் கத்தரிக்குப் பெயரே கிடையாதாம். கொஞ்சம் யோசித்து, “அம்மா கத்தரின்னு போடுங்க அண்ணாச்சி” என்றார். இன்று அது பல வீட்டு மாடிகளில் காய்க்கிறது. ஒருவர் வீட்டில் பட்டுப்போனாலும் இன்னொருவர் வீட்டில் இருக்கும். சங்கம் என்று ஒன்று வைத்துக்கொள்வது இதற்குத்தானே?

பிறகு படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. 1820-இல் கல்கத்தாவில் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஆகட்டும், 1835-இல் சென்னையில் தோன்றிய சங்கம் ஆகட்டும், கண்காட்சி மட்டுமே அவர்கள் வேலையாக இருக்கவில்லை. விதையையும் நாற்றையும் தருவித்துப் பரப்புவதும் அவர்கள் பணி. நாங்கள் பெரிய ஊர்களைப் பார்த்து மேடையை மட்டும் காப்பியடித்தோம், விதையை விட்டுவிட்டோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் முன்னாள் மாணவர் சங்கமும் வருஷா வருஷம் கூடுகிறது. மேடை இருக்கிறது, மாலை இருக்கிறது, இந்த மலரும் இருக்கிறது. ஆனால் நம் வகுப்பில் படித்த எல்லாரும் வந்திருக்கிறார்களா? கடைசி பெஞ்சில் இருந்தவன், படிப்பைப் பாதியில் விட்டவன், ‘இந்தக் கோலத்தில் எப்படிப் போவது’ என்று தயங்கி நிற்பவன், ஒரு தடவை வந்து ஓரத்தில் நின்றுவிட்டு அப்புறம் வராமல் போனவன், இவர்கள் எங்கே? வகுப்புக்கு ஒருவர் பொறுப்பேற்று, வராதவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். கடிதம் போதாது, நேரில் போங்கள். அவர் கையில் நமக்குக் கொடுக்க என்ன வைத்திருக்கிறார் என்பது போனால்தான் தெரியும்.

வாசலில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். காலண்டர்த் தாளில் மடித்த பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் பத்து விதை. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காய்த்தால் ஒரு காயை விதைக்கு விடுங்கள். மஞ்சளானதும் யாராவது கிள்ள வந்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.