வாய் திறவாத பிள்ளை
(பெற்றோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனால் வாய் திறக்கமாட்டேன் என்கிற பிள்ளையை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் டாக்டரல்ல, கல்லூரிப் படிப்பும் இல்லாதவன். படித்துத் தெரிந்துகொண்டதையும், கண்ணால் கண்டதையும் சொல்லுகிறேன். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர். அவர் மகனுக்கு வயது 15. திடீரென்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றான், இரவில் தூக்கமில்லை, வீட்டில் யாரோடும் பேச்சில்லை. மந்திரித்துக் கயிறு கட்டும்படி உறவினர் சொன்னார்கள். நண்பர் அதை மறுத்து, ஆலோசகரிடம் அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். அதுவரை சரி. ஆனால் "பல் டாக்டரிடம் போகிறோம்" என்று பையனிடம் பொய் சொல்லித்தான் அழைத்துப் போனோம். அங்கே அரைமணி நேரம் தகப்பனாரே பேசினார். சோம்பேறி என்றார், செல்போன் பைத்தியம் என்றார், "எப்படியாவது இவனைச் சரிசெய்து கொடுங்கள்" என்றார். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டால் பதில் சொல்லக் கூடாதா?" என்று நானும் என் பங்குக்கு அதட்டினேன்.

தோழர்களே! பேயோட்டுகிற இடத்தில் என்ன நடக்கிறது? தகப்பன் பேசுகிறான், பூசாரி பேசுகிறான், பேயும் பேசுகிறதாம்! அந்தப் பிள்ளையைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாங்கள் செய்தது அதற்கு எந்த விதத்தில் உயர்வு? உடுக்கையை நிறுத்தினோமே ஒழிய, பழைய புத்தியை விட்டோமா?

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாதென்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் இரும்புச் சங்கிலியைத்தான் தடுக்க முடியும். பொய் சொல்லிக் கட்டி இழுத்துப் போவதை நாம்தான் நிறுத்தவேண்டும்.

பையன் வாய் திறவாததைத் திமிர் என்கிறோம். தன்னைக் கேளாமல் தன் மனதில் கைவைக்கிறார்களே என்கிற ரோஷம் அது. அந்த ரோஷத்திற்கு மேடையில் சுயமரியாதை என்று பெயர் வைத்துக் கை தட்டுகிறோம். அதையே வீட்டில் பிள்ளையிடம் கண்டால் கை ஓங்குகிறோம்.

நல்லவேளையாக அந்த ஆலோசகர் விஷயம் தெரிந்தவர். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினாராம். "உன்னை ஏமாற்றி அழைத்து வந்திருக்கிறார்கள்; உனக்குக் கோபம் வந்தது நியாயம். நீ சொல்லுவது உன் அப்பாவிடம் போகாது. ஆனால் உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தென்றால் நான் மறைக்கமாட்டேன். யாராவது உன்னிடம் பாலியல் குற்றம் செய்திருந்தால், 2012-ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி தெரிவிக்க வேண்டியவன் நான். மறுபடி வருவதும் வராததும் உன் இஷ்டம்." இவ்வளவுதான். முதல் இரண்டு தடவை கேரம் ஆடினார்களாம். மூன்றாம் தடவை பையன் பேசினான்.

சங்கதி என்ன? வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு வாத்தியார், "உனக்கெதற்குக் கணக்கு? கத்தி பிடிக்கப் போ" என்று சொல்லியிருக்கிறார். அதைத் தகப்பனிடம் சொன்னால் தகப்பன் மனம் புண்படுமே என்று பையன் இரண்டு மாதம் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அவனைத்தான் நாங்கள் சோம்பேறி என்றோம்! பிறகு அவனே தகப்பனிடம் சொன்னான். தகப்பனார் பள்ளிக்கூடத்துக்குப் போய் நியாயம் கேட்டார். இப்போது பையன் படிக்கப் போகிறான். எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். இதை இங்கே சொல்ல அவனிடம் அனுமதி கேட்டேன். பெயரைச் சொல்லாவிட்டால் சரி என்றான்.

வில்லியம் மில்லர் என்கிற அமெரிக்க மனநூல் அறிஞர், குடியை விடச் செய்யும் வேலையில் கண்டதை 1983-இல் எழுதினார். மாறு, மாறு என்று நாம் வாதாடினால் எதிரிலிருப்பவன் மாறாமலிருப்பதற்கே வாதாடுவான். மாறுவதற்கான காரணத்தை அவன் வாயிலிருந்தே வரும்படி கேட்கவேண்டும் என்பது அதன் சாரம். குடிகாரனுக்குள்ள அந்த மரியாதை நம் பிள்ளைக்கு வேண்டாமா?

ஆகவே பெற்றோர்களே! எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று உண்மையைச் சொல்லுங்கள். தனியாகப் பேச விடுங்கள். திரும்பி வரும் வழியில் "என்ன சொன்னாய்?" என்று போலீஸ் விசாரணை செய்யாதீர்கள். அவன் வரவே மாட்டேன் என்றால், முதலில் நீங்கள் போய் உங்கள் நடத்தையில் மாறவேண்டியது என்னவென்று கேளுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416 இரவு பகலாக இருக்கிறது; காசு வேண்டாம். ஆனால் பிள்ளை சாகப் போகிறேன் என்று சொன்னாலோ, அப்படிச் சந்தேகப்பட்டாலோ, சம்மதத்திற்காகக் காத்திராமல், தனியே விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கேயும் பொய் வேண்டாம்.

பிள்ளையை நாம் பெற்றோம் என்பதால் அதன் மனதும் நமக்குச் சொந்தமாகிவிடாது. நான் அன்று அதட்டியதற்கு அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களில் யாருக்காவது அப்படிக் கேட்க வேண்டிய கடன் இருந்தால், இன்றிரவே வீட்டுக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.