ஒழுக்கமும் தண்டமும்



ஒழுக்கக்கேடு அனைத்தையும் சட்டம் தண்டிக்க வேண்டுமா என்பது பழைய வினா. 2018 செப்டம்பர் 27ஆம் நாள், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவ்வினா மீண்டும் எழுந்தது. பிறன்மனை நயத்தல் இனிக் குற்றமாகாதெனில், அது நெறியாகிவிட்டதா என்று சினந்தோர் பலர். தண்டனை நீங்கியதும் தவறும் நீங்கிற்று என மகிழ்ந்தோரும் உளர். இருசாராரும் ஒழுக்கத்தையும் தண்டத்தையும் ஒன்றெனவே கொண்டனர்.

இவ்விரண்டும் வெவ்வேறு என்பது தமிழுக்குப் புதிதன்று. பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்தார். வழக்கும் தண்டமும் உலகநெறியை நிலைநிறுத்தும் அளவின. வள்ளுவர் அறமென எடுத்துக்கொண்டது ஒழுக்கத்தையே என்பது அவர் கருத்து. ஒழுக்கத்தை அவர் வருணத்தோடு பிணைத்ததை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அவர்தம் பகுப்பு இன்றும் பயன்படும்.

1860ஆம் ஆண்டுச் சட்டம் எதனைக் காத்தது? கணவனின் இசைவின்றி அவன் மனைவியோடு கூடிய ஆடவனுக்கு ஐந்தாண்டுவரை சிறை. கணவன் இசைந்தால் குற்றமே இல்லை. கூடிய பெண் மணமாகாதவளாயினும் கைம்பெண்ணாயினும் இப்பிரிவு அங்கே எட்டாது. பிறளை நாடிய கணவன்மேல் இப்பிரிவின்கீழ் முறையிட மனைவிக்கு உரிமையில்லை. ஆகவே, அது காத்தது கற்பையுமன்று, இல்லறத்தையுமன்று. மனைவிமேல் கணவனுக்கு உண்டெனக் கொள்ளப்பட்ட உடைமையையே.

'பிறனில் விழையாமை' என்னும் அதிகாரத்தை வள்ளுவர் இல்லறவியலில் வைத்தார். அங்கே சிறையில்லை; ஆடவன் தன்னைத் தானே அடக்கும் ஆண்மையே பேசப்படுகிறது. மனைவியைப் பிறனது பொருளாகக் கருதும் சொல்வழக்கு அவ்வதிகாரத்திலும் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. நூலைப் போற்றுவோர்க்கு அதனை ஆராயும் கடமையும் உண்டு.

தீர்ப்புக்குப் பின்னும் இத்தவறு மணவிலக்குக்குரிய காரணமாகவே நிற்கிறது. அவ்வழி கணவன், மனைவி இருவர்க்கும் திறந்துள்ளது. பரிமேலழகரின் சொல்லில் கூறின், தண்டம் விலகிற்று, வழக்கு நின்றது, ஒழுக்கமோ அவரவர் நெஞ்சின் பொறுப்பாயிற்று. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்குற்றம் இடம்பெறவில்லை.

எனவே, ஒழுக்கம் பற்றி வாதிடுவோர் மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் நன்று. இச்செயல் தவறா? இதனால் துன்புற்றவர் யார்? அத்துன்பத்தைச் சிறை தீர்க்குமா? முதல் வினாவுக்கு ஆம் என விடை கூறுவோர் மூன்றாவதற்கும் ஆம் எனல் வேண்டுமென்பதில்லை. இரண்டாம் வினாவை மறந்த வாதத்திலோ பெண்ணின் துயரம் கணக்கில் வாராமலே போகிறது. 497ஆம் பிரிவு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தது அதுவே.

சிறைக்கு அஞ்சி விலகி நிற்றல் அடக்கமாகலாம், ஒழுக்கமாகாது. அதனை வளர்க்கும் பணி நீதிமன்றத்தினதன்று. இல்லத்தினது, பள்ளியினது, இத்தகைய இலக்கிய அவைகளினது.