தரங்கம்பாடியை நடந்து பாருங்கள்

தரங்கம்பாடிக்குப் போனால், வண்டியை நகர வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய வாசல் அது. உள்ளே நுழைந்தால் ராஜா தெரு. நடந்து பாருங்கள்.

வழியில் புது எருசலேம் தேவாலயம். முகப்பை அண்ணாந்து பாருங்கள்; கிரீடத்தோடு டென்மார்க் அரசரின் முத்திரை தெரியும். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

தெருக்கோடியில் கடல். கரையில் டான்ஸ்போர்க் கோட்டை. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

காரில் போனால் இதெல்லாம் சட்டென்று கடந்துவிடும். நிதானமாக மென்றால்தானே சோறு ருசிக்கும்? ஊரும் அப்படித்தான். காலையிலேயே கிளம்புங்கள், வெயில் உறைக்காது. தண்ணீர் பாட்டிலோடு போங்கள். ஆனால், நடந்தே போங்கள்.