பழைய கணினிக்குப் புதுவாழ்வு

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இதுபோன்ற விழாக்களில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று ஒரு பழைய மடிக்கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கேட்டு முடித்ததும் இரண்டும் ஒன்றுதான் என்பது உங்களுக்கே விளங்கும்.

சில மாதங்களுக்கு முன் நம் மாணவி ஒருத்தியின் தந்தை, ஒரு துணிப்பையில் மடிக்கணினியோடு என்னைப் பார்க்க வந்தார். "டீச்சர், இது இனி ஆகாதாம். புதுசு வாங்கணும்னு கடையிலே சொல்றாங்க. ரெண்டாயிரம் வெள்ளிக்கு நான் எங்கே போவேன்? பிள்ளை வீட்டுப்பாடம் எல்லாம் இதுலதான் செய்யுது" என்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கடையில் சொன்னது பாதி உண்மை. அந்தக் கணினியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிந்துகொண்டால் ஏறத்தாழ ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது ஓரளவு புதிய செயலியும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை.

ஆனால், கணினி கெட்டுப்போகவில்லை, பாருங்கள்! பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் பால் இருக்கிறது, உளிதான் மழுங்கிவிட்டது. உளி மழுங்கியதற்காக யாராவது மரத்தைச் சாய்ப்பார்களா? வேறு உளி எடுப்போம். அந்த வேறு உளியின் பெயர்தான் லினக்ஸ்.

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில், எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் இதை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன், மென்பொருளை எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று குனு திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்தன. உலகெங்கும் உள்ளவர்கள் கைகொடுத்தார்கள். கோயில் திருவிழாவுக்கு ஆளுக்கொரு வேலை எடுத்துச் செய்வோமே, அதைப்போல!

"ஓசியில கிடைக்கிறது உருப்படியா இருக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமே லினக்ஸ்தான். உலகின் முதல் 500 அதிவேகக் கணினிகள் எல்லாமே 2017 முதல் லினக்சில்தான் ஓடுகின்றன.

நம் மலேசிய அரசாங்கமும் 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்குத் திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்சுக்கு மாறியது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகள் லினக்சில்தான் கணினி கற்கிறார்கள். அங்கே முடிந்தது பூச்சோங்கில் முடியாதா?

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது? லினக்சில் பல வகை உண்டு. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். அதிலேயே திரைமுகப்பு மூன்று விதம். கணினியைத் திறந்ததும் நாம் காணும் பலகை, பட்டியல், சன்னல்கள் இவற்றின் அமைப்பையே திரைமுகப்பு என்கிறேன். வீடு ஒன்று, வாசல் அலங்காரம் வேறு வேறு.

முதலாவது சின்னமன். விண்டோசில் பழகிய கைக்கு இது அந்நியமாகத் தெரியாது. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல். நினைவகம் 4 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருந்தால் இதை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது மாத்தே. பழைய பாணி, அதிகச் சுமை தராது. மூன்றாவது எக்ஸ்.எப்.சி.இ. பகட்டு இல்லை, ஆனால் மிகவும் இலேசானது. நினைவகம் குறைந்த கணினிக்கு இதுவே நல்லது. மின்ட் நிறுவக் குறைந்தது 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. வட்டு இடமும் வேண்டும். 64 பிட் செயலியும் வேண்டும். இவை தவிர கே.டி.இ., நோம் என்று வேறு முகப்புகளும் உண்டு. அழகைப் பார்த்து மயங்காமல், நம் கணினியின் வலுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்பொழுது என் தவற்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் தவறே செய்யாதவர் என்று மாணவர்கள் நினைக்கக் கூடாது. அந்த மடிக்கணினியில் ஒரே மாலையில் மின்ட் போட்டுவிட்டேன். மிக நன்றாக ஓடியது. பெருமையாக இருந்தது. மறுநாள் அவர் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், எங்கம்மா படம் எங்கே இருக்கு?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் தாயார் காலமாகிவிட்டார். அவர்கள் வாழ்ந்த தோட்டத்து லயமும் இன்று இல்லை. அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயத்து வாசலில் தாயார் உட்கார்ந்திருந்த படங்கள் அந்த வட்டில்தான் இருந்தன. நான் கேட்காமலே முழுவதையும் அழித்துவிட்டேன். பந்திங்கில் உள்ள உறவினர் கைப்பேசியிலிருந்து சில படங்கள் திரும்பக் கிடைத்தன. எல்லாம் கிடைக்கவில்லை. "பரவால்ல டீச்சர், பிள்ளை படிக்குதுல்ல" என்றார் அவர். அந்தப் பெருந்தன்மை என்னை இன்றும் சுடுகிறது.

ஆகவே, அன்பர்களே, இந்த வரிசையை மனத்தில் வையுங்கள். முதலில் படங்கள், பாடங்கள், பத்திரங்கள் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகல் எடுங்கள். நகலைத் திறந்து பார்த்துச் சரிபாருங்கள். அடுத்து, மின்டை ஒரு யு.எஸ்.பி. விரலியில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள். வட்டில் இடம் இருந்தால் விண்டோசையும் லினக்சையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு.

குறையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் ஆபிஸ் இதில் நேரடியாக நிறுவ முடியாது. லிபர் ஆபிஸ் உண்டு; ஆனால் வேர்டில் செய்த கோப்பைத் திறந்தால் சில வேளை வரிகள் இடம் மாறும். பையன்கள் விரும்பும் சில விளையாட்டுகள் ஓடா. (அது குறையா, நிறையா என்பதைத் தாய்மார்கள் முடிவு செய்யட்டும்!) கல்வி அமைச்சின் டெலிமா தளத்தை உலாவியிலேயே திறந்துகொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. தமிழில் தட்டெழுதத் தடையில்லை.

மாணவச் செல்வங்களே! அந்த மாணவி இன்று தன் கணினியைத் தானே புதுப்பிக்கிறாள். தம்பிக்கும் சொல்லிக் கொடுக்கிறாள். லினஸ் தொடங்கியபோது அவரும் ஒரு மாணவர்தான். இன்று மேடையில் பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே! பழைய கணினியைத் தூக்கி எறிவதற்கு முன் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். இம்முறை நான் முதலில் கேட்கும் கேள்வி, "உள்ளே யார் படம் இருக்கிறது?" என்பதாகவே இருக்கும்.